அளைச் சத்தம்

பெரியம்மா எழுதிய பயணத் திட்டத்தின் முதல் வரி இது: 'காளை 6.45. வீட்டுப் பூட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்க்க.'

காளை என்றால் காலை. பெரியம்மா பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு வருடம் டூட்டி போட்டவர். எந்த வண்டியை, எந்த ஓட்டுநர், எத்தனை மணிக்கு, எந்த வழியில் எடுக்க வேண்டும் என்று கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி, முந்தின நாள் மாலை நான்கு மணிக்குள் பலகையில் ஒட்டிவிட வேண்டும். அவர் ஒட்டிய தாளில் ஒரு வண்டி விட்டுப்போனதில்லை. ஓர் ஆளுக்கு இரண்டு வண்டி விழுந்ததில்லை. லகரமும் ளகரமும் மட்டும் தங்களுக்குள் டூட்டி மாற்றிக்கொள்ளும்.

"அம்மா, காளை அஞ்சு பத்துன்னு போட்டிருக்கீங்க. எனக்கு பஸ்ஸே குடுங்க, மாடு ஓட்டத் தெரியாது" என்பார்கள் ஓட்டுநர்கள்.

"பழகிக்கோ. உன் வண்டிய விட அது டைமுக்குப் போகும்" என்பார் பெரியம்மா, தலையை நிமிர்த்தாமல்.

புதிதாக வந்த மேலாளர் ஒருவருக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் சிவப்பு மைப் பேனாவோடு போய்ப் பலகையில் இருந்த தாளில் ளகரத்தையெல்லாம் திருத்திவிட்டு வந்தார். பணிமனையில் சிவப்பு மை என்றால் வண்டி ரத்து என்று பொருள். மறுநாள் விடியற்காலை வந்த மூன்று ஓட்டுநர்கள் தாளைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பெரியம்மாவின் எழுத்தை யாரும் திருத்தவில்லை.

கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்குச் சட்டம். வண்டி கிடைக்காத ஓட்டுநருக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: ஸ்பேர். யாராவது வராமல் போனால் ஓட்டுவதற்காகச் சீருடையோடு வந்து பணிமனை பெஞ்சில் காத்திருப்பவர். பல நாள் அவருக்கு வண்டியே வராது. உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவார். ஆனாலும் அவர் பெயருக்கு எதிரே கட்டம் நிரம்பியிருக்கும்.

போன மாதம் பெரியம்மா ஓய்வு பெற்றார். ஓட்டுநர்கள் சேர்ந்து சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். "எங்கள எல்லா ஊருக்கும் அனுப்பி வச்சீங்க. நீங்க எந்த ஊருக்கும்மா போயிருக்கீங்க?" என்று ஒரு மூத்த ஓட்டுநர் கேட்டார். விளையாட்டாகக் கேட்டதுதான். எல்லோரும் சிரித்தார்கள், பெரியம்மாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைக் கூடத்தில் நிறுத்தி இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சொன்னார்:

"நீங்க இருந்த ஊருக்குப் போவோம். கடல் பார்த்த அறையா எடுத்து மூணு நாள், ரெண்டு ராத்திரி."

சொன்னது பெரியப்பாவிடம். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

பெரியப்பாவைத் தெருவில் கயிறு என்றுதான் சொல்வார்கள். கல்யாணமான ஆறாவது மாதம் தொலைதூரத்தில் உள்ள ஒரு பழைய துறைமுக நகரத்துக்கு வேலைக்குப் போனவர், பதினோரு வருடம் அங்கே இருந்தார். கப்பல் வந்து துறையை ஒட்டும்போது மேலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதைத் தலையில் படாமல் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தொடை கனத்தில் பெருங்கயிறு வரும். அதன் கண்ணியைக் கரையில் நிற்கும் குட்டையான இரும்புத் தூணில் மாட்ட வேண்டும். கப்பல் கிளம்பும்போது கழற்றிவிட வேண்டும். இதுதான் வேலை. அந்த வேலையை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கை இன்னும் விடவில்லை. வீட்டில் ஒரு ஒயர் தொங்கப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. செல்ஃபோன் சார்ஜரைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டிவிடுவார். "கரண்ட் இருந்தும் சார்ஜ் போட முடியாத வீடு நம்ம வீடுதான்" என்பார் பெரியம்மா. அந்த முடிச்சு வேறு யார் இழுத்தாலும் இன்னும் இறுகும்.

அந்தப் பதினோரு வருடமும் பெரியப்பா ஆண்டுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வந்தார். மற்றபடி மாதம் இரண்டு கடிதம். பெரியம்மா எல்லாவற்றுக்கும் எண் போட்டு இரண்டு பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி வைத்திருக்கிறார். எந்தக் கடிதமானாலும் கடைசி வரி ஒன்றுதான். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்: "அலைச் சத்தம் கேட்கிறது. தூங்கப் போகிறேன்."

அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், பிறந்தபோது பெரியப்பா ஊரில் இல்லை. குழந்தை அழுதால் பெரியம்மா மேசை மின்விசிறியைத் தலை திரும்பும்படி முடுக்கிவிடுவார். காற்று இந்தப் பக்கம் வரும், போகும், வரும். "இதுதான் அப்பாவுக்குக் கேக்கிற சத்தம். அப்பா தூங்கிட்டார், நீயும் தூங்கு." அக்காவுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். இன்றைக்கும் தலை திரும்பாத மின்விசிறி இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஆகவே பெரியம்மா போக நினைத்தது வெறும் ஊருக்கு அல்ல, பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்த ஊருக்கு. மூன்று நாளைக் கால் மணி நேரக் கட்டங்களாகப் பிரித்து, மூன்று பத்தி போட்டு எழுதினார்: மணி, இடம், கடித எண். துறைமுகச் சுங்க அலுவலகக் கோபுரத்தில் ஒன்பது நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரம், கடிதம் 14. கோட்டையிலிருந்து துறைக்கு இறங்கும் எழுபத்து மூன்று படி, கடிதம் 31. இரவு ஜன்னலில் வந்து போகும் கலங்கரை விளக்கு வெளிச்சம், கடிதம் 9. கப்பல் தலைவர் ஒருவர் கைகொடுத்துத் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்த இடம், கடிதம் 77. பெரியப்பா கடிதம் படிக்கும் கல் பெஞ்சு, கடிதம் 22 மற்றும் பல. நடுநடுவே 'ஓய்வு 15 நிமி., முட்டிக்கு மருந்து'.

பெரியப்பாவின் பயம் இதுதான். அந்த நகரத்தில் அவர் படுத்துக்கிடந்த இடத்துக்கு ஜன்னல் கிடையாது. கயிற்றுக் கிடங்கின் பின்பக்கம் தட்டிவைத்த மரக் கட்டில்கள், மேலும் கீழுமாக. ஈரக் கயிற்றின் நாற்றம். அலை என்பதை அவர் அங்கே கேட்டதே இல்லை. இதையெல்லாம் அவர் பெரியம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை. இப்போது பெரியம்மா கையில் தாளும் பென்சிலுமாக அந்த இடத்துக்கே போய்ச் சரிபார்க்கக் கிளம்புகிறார்.

முதலில் முட்டிவலி என்றார். பிறகு, மழைக்காலம் முடியட்டும் என்றார். பிறகு, தொட்டிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்றார்.

"அலை ஓய்ஞ்சப்புறம் குளிக்கலாம்னு உக்காந்திருந்தா கரையிலேயே கிடக்க வேண்டியதுதான்" என்றார் பெரியம்மா. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் டூட்டி அடுத்த வீட்டில் இருக்கும் என் பெயரில் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வந்திருந்தாள். துறையை ஒட்டி இருக்கும் விடுதி ஒன்றைத் தேடிப் பிடித்து எண்ணை முந்தின வாரமே அனுப்பியிருந்தாள், இப்போது படம் காட்டினாள். பழைய கப்பல் கம்பெனிக் கட்டடம். இப்போது விடுதி ஆக்கியிருக்கிறார்கள். நான்கு மாடி, நீலக் கதவுகள், வாசலிலிருந்து பத்தடியில் தண்ணீர். பெரியம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெரியப்பா தள்ளி நின்று பார்த்தார். அக்கா ஒலிபெருக்கியைப் போட்டு, ஃபோனைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள்.

"வணக்கம், சொல்லுங்க" என்றது ஓர் இளைஞனின் குரல்.

"ஒரு அறை வேணும்."

"எந்தக் கன்னத்துலன்னு கேக்கப் போறான்" என்று பெரியப்பா மெதுவாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

"ரெண்டு பேருங்க. கடல் பார்த்த அறையா இருக்கணும்" என்றாள் அக்கா.

"முன்பக்க அறை இருக்கு மேடம். துறை அப்படியே தெரியும். கப்பல், படகு எல்லாம் பார்க்கலாம்."

பெரியம்மா ஃபோன் பக்கம் குனிந்தார். "தம்பி, ராத்திரி அலைச் சத்தம் நல்லாக் கேக்குமா? ஜன்னலைத் திறந்து வச்சாக் கேக்குமா, மூடியிருந்தாலும் கேக்குமா?"

"அம்மா, இது உள்துறைமுகம். வெளியில ரெண்டு பக்கமும் சுவர் கட்டியிருக்கு. இங்க அலை வராது. அலை வந்தா கப்பல் எப்படிம்மா நிக்கும்?"

பெரியம்மா ஃபோனிலிருந்து நிமிர்ந்தார்.

"தண்ணி தட்டுல ஊத்தி வச்ச மாதிரி இருக்கும்மா" என்றான் அவன், ஆறுதலாக. "முந்தாநாள்கூட ஒரு பெரியவர் ஃபோன் பண்ணி இதையேதான் கேட்டார். ஏதாவது ஒரு மூலையில, கொஞ்சமாவது கேக்குமா தம்பின்னு ரொம்ப நேரம் கேட்டார். காத்தடிச்சாலாவது கேக்குமான்னு கேட்டார். பாவமா இருந்துச்சு."

மேசையைச் சுற்றி இருந்த மூன்று பேரும் பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் ஆணியில் மாட்டியிருந்த சார்ஜர் ஒயரைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, மறுபடி போட்டார்.

"புதுசாக் கட்டின சுவரா அது?" என்று கேட்டார் பெரியம்மா. பணிமனையில் இப்படித்தான் கேட்பார். தப்பிக்க ஒரு வழி விட்டுக் கேட்பார்.

"இல்லம்மா. அது எங்க தாத்தா காலத்துச் சுவர்."

"சரி தம்பி. அப்புறம் கூப்பிடறோம்."

அக்காதான் முதலில் பேசினாள். "அப்ப என் ஃபேன்?"

பெரியம்மா எழுந்துபோய்ப் பெட்டியின் கைப்பிடியை உள்ளே தள்ளி, அதைக் கதவுக்குப் பின்னால் திருப்பி வைத்தார். பெரியப்பா கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயிரம் கப்பலைக் கட்டி நிறுத்தியவர். அவருடையது ஒன்று அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியம்மா அதே மேசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பிஸ்கட் டப்பாக்கள், ஒரு பக்கம் பயணத் திட்டம், நடுவில் அழிப்பான். எதிர் நாற்காலியைக் காட்டினார். வண்டி தாமதமானால் ஓட்டுநரை எதிரே உட்காரவைத்து விளக்கம் வாங்குவதும் பணிமனையில் அவர் வேலைதான். குரல் உயராது. பென்சிலைப் படுக்கவைத்துவிட்டுத்தான் கேட்பார்.

"விளக்கம் சொல்லுங்க. முதல்ல, கலங்கரை விளக்கு. ஒன்பதாம் கடுதாசி."

"விளக்கு இருந்துச்சு. ஜன்னல்தான் இல்ல."

"ஜன்னல் இல்லாத அறையிலயா இருந்தீங்க?"

"கிடங்கு. பதினாலு பேர். வெளிய ஒண்ணுக்குப் போகும்போது பார்ப்பேன். வெளிச்சம் வந்து போகும்."

அழிப்பான் ஓடியது. 'இரவு ஜன்னல்' போய்விட்டது.

"கப்பல் தலைவர் தொப்பி."

"தொப்பி சந்தையில வாங்கினது."

"கைகுடுத்தது?"

"அவரை நான் கீழ இருந்துதான் பார்த்திருக்கேன். அவர் என்னைப் பார்த்ததா ஞாபகம் இல்ல."

அழிப்பான்.

"எழுபத்து மூணு படி."

"இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கு. நாற்பதாவது படி உடைஞ்சிருக்கும்."

"ஒன்பது நிமிஷம் லேட்டா ஓடற கடிகாரம்."

"இருக்கு. சத்தியமா இருக்கு."

பெரியம்மாவின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் இளக்கம் வந்தது. "பதினோரு வருஷமும் லேட்டாவா ஓடுச்சு? யாரும் சஸ்பெண்ட் பண்ணலையா அதை?"

"ஊரே ஒன்பது நிமிஷம் லேட்டாப் பழகிடுச்சு."

"கல் பெஞ்சு."

பெரியப்பா தயங்கினார். "பெஞ்சு இல்ல. கப்பலைக் கட்டற இரும்புத் தூண். வேலை இல்லாதப்ப அதுமேலதான் உக்காருவேன். கடுதாசி அங்கதான் படிப்பேன். அது நிஜம்."

பெரியம்மா 'கல் பெஞ்சு' என்பதை அடித்துவிட்டு 'இரும்புத் தூண்' என்று எழுதினார். பிறகு அழிப்பானைக் கீழே வைத்தார். கை மேசையின் மேலேயே இருந்தது.

"அலை" என்றார். "அதைக் கடைசியா வச்சிருக்கேன். மத்ததெல்லாம் போகட்டும், ஆம்பளைங்க எழுதற கதை. இது ஒவ்வொரு கடுதாசியிலயும் இருக்கு. பதினோரு வருஷம் நான் இந்த வீட்டுல ஸ்பேர்ல உக்காந்திருந்தேன். நீங்க அங்க தனியா இல்ல, பக்கத்துல ஒரு சத்தம் இருக்குன்னு நம்பித்தான் உக்காந்திருந்தேன். குழந்தைக்கும் அதைச் சொல்லித்தான் தூங்க வச்சேன்."

பெரியப்பா கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் குறுக்காக ஒரு பழைய தழும்பு உண்டு.

"நான் போய்ச் சேர்ந்த அஞ்சாவது நாள் ரெண்டு கையும் போச்சு. கயிறு ஓடும்போது பிடிச்சுட்டேன். தோலை உரிச்சுட்டுப் போயிடுச்சு. கட்டுப் போட்டுக்கிட்டுக் கட்டில்ல கிடந்தேன். எட்டாவது நாள் உன் முதல் கடுதாசி வந்துச்சு. பிரிக்க முடியல. மேஸ்திரிதான் பிரிச்சுப் படிச்சார், எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

"கை போனது எனக்குத் தெரியாதே."

"எழுதல. அதுல நீ ஒண்ணு கேட்டிருந்த. 'ராத்திரி அலைச் சத்தம் கேட்கிறதா? கேட்டால் உங்களுக்குத் தனியாக இருக்கிற மாதிரி இருக்காது'ன்னு."

"அப்படியா எழுதினேன்?"

"அலைக்கு ளகரம் போட்டிருந்த. அளைச் சத்தம்னு."

அந்தக் கடிதம் பெரியம்மா எழுதியதுதான் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

"மேஸ்திரி விழுந்து விழுந்து சிரிச்சார். அளைன்னா நண்டு இருக்கிற பொந்தாம். 'யோவ், நாம நண்டு மாதிரி பொந்துக்குள்ள கிடக்கோம்னு உன் வீட்டம்மாவுக்கு எப்படிய்யா தெரிஞ்சுது'ன்னார். எனக்கு எழுத முடியாதே, பதிலும் அவர்தான் எழுதினார். 'என்னய்யா எழுதட்டும், அளைச் சத்தம் கேக்குதா'ன்னார். பதினாலு பேர் குறட்டை, எலி, மேல தகரம். 'கேக்குதுன்னே எழுதுங்க'ன்னேன். அன்னையிலேர்ந்து அந்த இடத்துக்கு அளைன்னுதான் பேரு. வேலை முடிஞ்சா 'அளைக்குப் போறேன்'னுதான் எல்லாரும் சொல்வாங்க. புதுசா வர்றவனும் அப்படித்தான் சொல்வான். கை ஆறினப்புறம் நானே எழுதினேன். அதையேதான் எழுதினேன்."

பெரியம்மா முதல் டப்பாவைத் திறந்து ஒன்றாம் எண் கடிதத்தை எடுத்தார். வேறு யாருடையதோ, சாய்ந்த, தேர்ந்த கையெழுத்து. கடைசி வரியில் விரலை வைத்தார். பிறகு கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். அவருக்கு லகரமும் ளகரமும் இத்தனை வருடமாக ஒரே எழுத்து. எது எது என்று சொல்ல வெளியாள் வேண்டும்.

"எந்த லை?" என்றார்.

நான் சொன்னேன்.

ஐந்தாவதை எடுத்தார். முப்பதாவதை எடுத்தார். இரண்டாவது டப்பாவின் அடியிலிருந்து கடைசிக் கடிதத்தை எடுத்தார். எல்லாவற்றிலும் அளைதான். ஓர் இடத்தில்கூடக் கடல் இல்லை. இத்தனை வருடம் அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தவர் அவர் ஒருவர்தான். அவர் கண்ணில் அது அலையாகவே பட்டிருக்கிறது.

"அப்ப இது பொய் இல்லையா?" என்று கேட்டார்.

பெரியப்பா தலையாட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியாத ஆட்டல். "எழுத்துல பொய் இல்ல. நீ அலைன்னுதான் படிப்பேன்னு தெரிஞ்சேதானே எழுதினேன். அது பொய்தான். லீவுல வந்தப்ப, பாப்பாவுக்கு ஃபேனைத் திருப்பி விட்டு அதைச் சொன்ன. அன்னைக்கே சொல்லியிருக்கணும். அவ தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல."

பெரியம்மா கடிதங்களை எண் வரிசைப்படி திரும்ப அடுக்கினார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடுக்கிக்கொண்டே கேட்டார்: "பதினாலு பேர் குறட்டையைக் கேட்டுக்கிட்டா தூங்கினீங்க?"

"பழகிடுச்சு. ஒருத்தன் லீவுல போனா தூக்கம் வராது."

"அப்ப நான் குறட்டை விடறேன்னு தலகாணியத் தூக்கிக்கிட்டுக் கூடத்துக்குப் போனது?"

"அது வேற" என்றார் பெரியப்பா. "நீ பதினாலு பேரு."

பெரியம்மா அழிப்பானை எடுத்து அவர்மேல் எறிந்தார். அது மேசையிலேயே விழுந்தது. தூக்கம் கலைந்து வந்த அக்கா வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் நேற்றைய கேள்வி அப்படியே இருந்தது. "உன் ஃபேன் சரியாத்தான் ஓடுது. போய்ப் பல்லு தேய்" என்றார் பெரியம்மா.

பிறகு சார்ஜரைக் கேட்டார். பெரியப்பா முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். ஃபோனைச் சுவரில் செருகி, நின்றபடியே விடுதிக்குப் பேசினார். ஒலிபெருக்கி போடவில்லை, பெரியம்மா காதில் வைக்கும் ஃபோனுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, எதிர்முனை கூடத்தின் கடைசி மூலைவரை கேட்கும்.

"தம்பி, நேத்துப் பேசினேனே. அலை கேட்ட அம்மா. உங்க விடுதிக்குப் பின்னாடி கயித்துக் கிடங்கு ஒண்ணு இருக்கா?"

"இருக்கும்மா. இப்ப அது சும்மாதான் கிடக்கு. வண்டி நிறுத்தறோம். பழைய ஆளுங்க அதை அளைம்பாங்க. ஏன்னு தெரியாது."

பெரியம்மா ஃபோனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எந்த ளை போடுவாங்க?"

"தெரியலம்மா. எழுதிப் பார்த்ததில்ல."

"சரி. அதைப் பார்த்த மாதிரி அறை இருக்கா?"

"பின்பக்கம் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா. சுவரும் தகரமும்தான் தெரியும்."

"நான் கேக்கிறேன். முதல் ராத்திரி பின்பக்கம். ரெண்டாவது ராத்திரி முன்பக்கம். ஷிஃப்ட் மாத்திக்கிறோம்."

அவன் ஏதோ கணினியில் தட்டும் சத்தம் கேட்டது. "ஒரே ஆளுங்க ரெண்டு அறை... போட்டாச்சும்மா. சாமான நாங்களே மாத்தி வச்சிடறோம்."

"ஒரே ஒரு பெட்டிதான். சக்கரம் இருக்கு" என்றார் பெரியம்மா. அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அன்று மத்தியானம் திட்டத்தை மறுபடி எடுத்தார். அழித்தது போக நிறையக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பென்சில் தடம் மட்டும் பள்ளமாகத் தெரிந்தது: ஜன்னல், தொப்பி, கைகுலுக்கல். இருபத்தாறு வருடத்தில் அவர் இப்படி ஒரு தாளை வைத்திருந்ததில்லை. பென்சிலைச் சீவினார். காலியான ஒவ்வொரு கட்டத்திலும், பெரியப்பாவுக்கும் தனக்கும் சேர்த்து, நிதானமாக எழுதிக்கொண்டே போனார்: ஸ்பேர், ஸ்பேர், ஸ்பேர். அதில் லகரமும் இல்லை, ளகரமும் இல்லை.

பெரியப்பா தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "யாராவது வரலன்னா நாம ஓட்டணுமா?"

"யாரும் கூப்பிட மாட்டாங்க. சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். பதினோரு வருஷம் தனியா உக்காந்தேன். இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல போட்டிருக்கேன்."

பெரியப்பா கதவுக்குப் பின்னால் போய்ப் பெட்டியை எடுத்துக் கூடத்துக்கு உருட்டி வந்தார். அதில் தொங்கிய அடையாளச் சீட்டின் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அந்த இரும்புத் தூண்" என்றார் பெரியம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுல ரெண்டு பேர் உக்காரலாமா?"

பெரியப்பா கையை வட்டமாக வைத்து அளந்து பார்த்தார். "நெருக்கி உக்காந்தா உக்காரலாம்."

பெரியம்மா அதையும் குறித்துக்கொண்டார். 'மாளை 5.30. இரும்புத் தூண். நெருக்கி.'